ஓணானார் வகுக்க முடியாத சாமை

விலங்கும் பூச்சியும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஓர் ஐப்பசித் திங்கள் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் சுள்ளென்று காய்ந்த வெயில் உச்சிப்பொழுதில் மங்க, கீழ்வானில் கார்மேகம் திரண்டது.

கள்ளி வேலியின்மேல் கோடேறி என்னும் ஓணானார் வீற்றிருந்தார். காட்டுக்கே பங்கீட்டாளர் அவர். மழைக்காலத் தானியத்தைச் சமமான குவியல்களாகப் பிரித்து, வளைக்கு ஒரு குவியலாக வைக்க வேண்டும்; குவியல்கள் எத்தனை என்பது அவர் விருப்பம். ஒற்றை மணி குவியலாகாது, ஒரு மணியும் மிஞ்சலாகாது. இது அக்காட்டு வழக்கம். நான்கு கால்களும் வேலியைப் பற்றியிருந்தமையால், அவர் தலையை அசைத்தே கணக்கிடுவார்.

எறும்புகளின் தலைவி சிற்றிடையாள் சாமையோடு வந்தாள். "ஐயா, ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது மணிகள். மழை வருமுன் பிரித்துத் தாருங்கள், நனைந்தால் முளைத்துப்போகும்."

"இவ்வளவுதானா? மிச்சமின்றிப் பிரிக்கும்வரை என் தலை ஓயாது!" என்று தம் முதுகுமுள்ளின்மேல் ஆணையிட்டார் ஓணானார்.

இரண்டால் வகுத்தார், ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தார்; இரண்டு மிஞ்சின. ஐந்தில் நான்கு, ஏழில் மீண்டும் இரண்டு. அவருடைய கழுத்துச் சிவந்தது. முப்பத்தேழில் ஒரே ஒரு மணி மிஞ்சிற்று.

"மாமா, அதை நான் விழுங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடுமே?" என்றது வேடிக்கை பார்த்த அணில்.

"வாயை மூடடா! களவைக் கணக்கென்று சொல்லாதே."

"ஓணானுக்கு வேலி சாட்சியாம், மாமா தோற்றதற்கு நான் சாட்சி!"

எண்பத்தெட்டும் பொய்த்தபோது முதல் தூறல் விழுந்தது.

"போதும், ஐயா," என்றாள் சிற்றிடையாள். "எண்பத்தொன்பது குவியல் என்றால், குவியலுக்கு எண்பத்தொன்பது மணி வேண்டும், நம்மிடம் இரண்டு குறைகின்றன. குவியல்களை இன்னும் கூட்டினால், குவியலுக்கு எண்பத்தெட்டோ அதற்கும் குறைவோதான் விழும். குவியலுக்கு அத்தனை மணி என்பதும் அத்தனை குவியல் என்பதும் ஒரே வகுத்தல்தான்; அந்தச் சிறிய எண்களையெல்லாம் தாங்களே பார்த்து முடித்துவிட்டீர்கள். ஒரே குவியலாக வைத்துக்கொள்கிறோம், அதிலும் மிச்சமில்லையே!"

"ஒன்றால் வகுப்பதும் ஒரு வகுத்தலா?"

அவள் சொன்னது சரியென்று ஓணானாருக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால், கேட்டுக்கொண்டிருந்த அணிலின் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது? "ஆணை ஆணைதான். எண்பத்தொன்பது, தொண்ணூறு..." என்று தொடர்ந்தார்.

எறும்புகள் காத்திருக்கவில்லை. சாமை முழுவதையும் மேட்டிலிருந்த ஒரே வளையில் சேர்த்தன. மழை நான்கு நாள் பெய்தது. ஒரு மணியும் நனையவில்லை. பங்கீட்டு வேலை ஓணானாரிடமிருந்து சிற்றிடையாளுக்கு மாறியது. அந்த எண்ணோ, ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் வகுபடாத பகா எண்ணாகவே நிலைத்தது.

அன்று முதல்தான் ஓணான், கழுத்துச் சிவக்க வேலியில் அமர்ந்து, ஓர் எண்ணுக்கு அடுத்த எண்ணாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.