எட்டே முக்காலும் திருஷ்டி பொம்மையும்

இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தால் என் நாக்கு அழுகிப் போகட்டும். காலையில் குடித்த காபிமேல் சத்தியம். அது போதாதென்றால் சாயங்காலம் குடிக்கப்போகிற காபிமேலும் சத்தியம். நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

சென்னியப்பன் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கடைக்கு மேலாளர். ஐம்பதைத் தொடப்போகிற வயது, இன்னும் வாடகை வீடு. அவர் மனைவி கலாமணி. கலாமணியின் தங்கை பூங்கொடியைக் கட்டியவர் நாச்சிமுத்து, பேக்கரி வைத்திருப்பவர். ஆக, இவர்கள் இருவரும் சகலைகள். மூத்த சகலை பார்த்துக்கொண்டே இருக்க, இளைய சகலை கடன் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் கடை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் வண்டியை ஓட்டுவார். எதிரே நிறுத்திவிட்டுப் பார்ப்பார். சாரத்தில் தொங்கவிட்டிருந்த திருஷ்டி பொம்மை ஊர்க் கண்ணையெல்லாம் தாங்கிய பொம்மைதான். ஆனால் சென்னியப்பன் பார்த்த பார்வையில் அதற்கு வியர்த்து, வரைந்திருந்த மீசை கரைந்து தாடைக்கு வந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் பொம்மை கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறது. கொத்தனார் ஏணி போட்டு ஏறி, புதிதாகக் கண் வரைந்துவிட்டு இறங்கினார். அந்த ஏணியை நானே பார்த்தேன்.

வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று உள்ளே ஒரே கூட்டம். சென்னியப்பன் மட்டும் கேட்டுக்கு வெளியே, காதில் போனை வைத்துக்கொண்டு, வராத அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். கலாமணி டம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, உள்ள வந்து குடிச்சா ஆகாதா?"

"எட்டே முக்கால்."

"மணியா?"

"வட்டி. அவன் கடனுக்கு எட்டே முக்கால் வட்டி. உச்சியில இருக்கறப்பப் போய் விழுந்திருக்கான். நான் அப்படி விழ மாட்டேன். குறையட்டும், வாங்கிக் காட்டறேன்."

பால் ஆறி ஏடு கட்டியது. அவர் குடிக்கவில்லை.

அதே தெருவில், நாலு வீடு தள்ளி, ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. கிழக்குப் பார்த்த வாசல், சமையலறையில் பெரிய சன்னல். கலாமணி ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தாள். அரிசி டிரம்மை எங்கே வைப்பது என்பதுவரை முடிவு செய்துவிட்டு வந்தாள். சென்னியப்பனோ முடிவு செய்ய முடியாமல் தன் குருவிடம் போனார்.

குரு என்றால் தாடி, ஜடை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னியப்பனைவிடப் பத்து வயது இளையவர். அந்தத் தெரு மேட்டில் முடிகிற இடத்தில், யாரோ பாதி கட்டிவிட்டு வெளிநாடு போய்விட்ட வீடு ஒன்று நிற்கிறது. கதவு கிடையாது, சன்னல் கிடையாது, மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் ஒரு பாயும் ஒரு ஸ்டவ்வுமாக இருந்தார். மேட்டுச் சாமி என்பார்கள்.

"சாமி, வீடு வாங்க நல்ல நேரம் எதுங்க?"

"காலண்டர்ல போட்டிருப்பானே."

"அந்த நேரம் இல்லீங்க. வட்டி நேரம்."

"வட்டி குறைஞ்சா?"

"அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துருவேனுங்க சாமி."

"சரி. குறையட்டும்," என்று சாமி ஒரு கை பொரிகடலை கொடுத்து அனுப்பிவிட்டார்.

சாமி வாக்கோ, மேலே இருப்பவர்கள் கணக்கோ, மழைக்காலம் முடிவதற்குள் வட்டி குறைந்தது. டிவியில் கீழே எழுத்து ஓடியதுமே சென்னியப்பன் சோபாவிலிருந்து எம்பிக் குதித்தார். தலை மின்விசிறியில் இடித்தது. விசிறிதான் வளைந்தது. கையோடு நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டார்.

"என்னப்பா, நியூஸ் பார்த்தியா? பாவம், நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம். இனி நான் வாங்கினா உன்னைவிடக் குறைச்சல் வட்டி."

"ஆமாங்கண்ணா, பார்த்தேன். பேங்க்ல இருந்து எனக்கும் மெசேஜ் வந்துருச்சு. நமக்கும் குறைச்சுட்டாங்க."

"உனக்கு எப்படிறா குறையும்? நீதான் எட்டே முக்கால்ல மாட்டினவனாச்சே!"

"ஃப்ளோட்டிங் வட்டிங்கண்ணா. இறங்கினா கூடவே இறங்கும். உங்க வாய் முகூர்த்தம், நல்லா இருங்க. ஒரு கிலோ தேங்காய் பிஸ்கட் குடுத்து விடறேன்."

சென்னியப்பன் போனை வைத்தார். கலாமணி பட்டுப்புடவை எடுக்க அலமாரியைத் திறந்திருந்தாள், அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம் என்று.

"இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்," என்றார்.

அவள் அலமாரியை மூடாமல் திரும்பினாள். "இன்னும் எதுக்குங்க? நீங்க கேட்டதுதானே குறைஞ்சுது?"

அவர் வளைந்த விசிறியை நிமிர்த்தப் போனார்.

"அந்த விக்கற வீட்டுக்காரர் ஓசூருக்கே போறாராமா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளுக்கு முடிச்சிருவாராமா. இந்த வீடு போச்சுன்னா இனிமேல் எந்த வீட்டைப் பார்க்கவும் என்னைக் கூப்பிடாதீங்க. நான் வர மாட்டேன்."

சாயங்காலம் பிஸ்கட் வந்தது. அது அவ்வளவு மொறுமொறுப்பாக இருந்ததில் அவருக்கு இன்னும் கோபம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சென்னியப்பன் மேட்டுக்குப் போனார்.

"வட்டி குறைஞ்சிருச்சுங்க சாமி," என்றார், இழவு சொல்ல வந்தவர் குரலில்.

"நல்ல சேதிதானே?"

"அவனுக்கும் குறைஞ்சிருச்சுங்க சாமி."

சாமி ஸ்டவ்வை அணைத்தார்.

"உனக்கு வட்டி ஏறி, அவனுக்கு அதைப்போல ரெண்டு பங்கு ஏறினா?"

சென்னியப்பன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இப்பவே வாங்கிருவேனுங்க சாமி."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

சாமி எழுந்து முன்பக்கத்துக்குப் போனார். பழைய பேண்ட், கிழிந்த சட்டை, வைக்கோல் வயிறு, பானைத் தலை, பெரிய கண். அந்த வீட்டுக்கு எந்தக் காலத்திலோ கட்டிய திருஷ்டி பொம்மை சன்ஷேடுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாமி அதை அவிழ்த்துக் கீழே இறக்கினார்.

"இவனுக்கு உடம்பு சரியில்லை. நான் தைச்சு முடிக்கறவரைக்கும் நீ போய் அங்க நில்லு."

"நானுங்களா?"

"ஏன், கண்ணு இருக்குதில்ல?"

குரு சொன்னால் சொன்னதுதான். சென்னியப்பன் சன்ஷேடில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே போன பால்காரர் நிமிர்ந்து பார்த்து, புதுப் பொம்மை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். காக்கை ஒன்று அருகே வந்து உட்காரப் பார்த்தது. முகத்தைப் பார்த்ததும் வேண்டாமென்று பல்லடம் பக்கம் பறந்துவிட்டது.

வெயில் நன்றாக ஏறியது. சாமி கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

"இறங்கு. என்ன தெரிஞ்சுது?"

"நாச்சிமுத்து வீடு நல்லாத் தெரிஞ்சுதுங்க சாமி. மாடியில புதுசா ஊஞ்சல் போட்டிருக்கான். கேட்டுக்கு மறுபடியும் பெயிண்ட் அடிச்சிருக்கான். இன்னொரு ஏசி வேற மாட்டியிருக்கான்."

"அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி?"

"அந்தப் பக்கம் பார்க்கலைங்க."

"சரி, நீ நின்ன வீடு? அது எப்படி இருந்துச்சு?"

"அதுக்கு முதுகைக் காட்டிட்டு இல்லீங்களா நின்னேன்?"

சாமி பொம்மையைத் தூக்கி மறுபடியும் கம்பியில் கட்டினார். அதன் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

சென்னியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. "சாமி, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பொழுது சாயறதுக்குள்ள அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணும். நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லலியே. எப்பத்தான் வாங்கறது?"

சாமி பொம்மையின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"வீடு முடியறவரைக்கும் வெயில், மழை, ஊர்க் கண்ணு எல்லாம் இவன் மேலதான். ஆனா பால் காய்ச்சற அன்னிக்கு எல்லாரையும் உள்ள கூப்பிடுவாங்க சென்னியப்பா. இவனை மட்டும் கூப்பிட மாட்டாங்க."

சென்னியப்பன் பொம்மையைப் பார்த்தார். பொம்மை நாச்சிமுத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வண்டிச் சாவியைத் தேடினார்.

அவ்வளவுதான் கதை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இதை யார் சொன்னார் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். நான் குடியிருப்பது அதே தெருவில், நாச்சிமுத்து வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, சென்னியப்பன் வீட்டு மாடியில். அவர் காதுக்குப் போனால் வாடகையை ஏற்றிவிடுவார். வட்டியாவது இறங்கும். வாடகைக்கு அந்தப் பழக்கமே கிடையாது.