மூன்று வால் உயரக் குவியல்

பூவாத்தா எலிக்கு ஆறு குட்டிகள். அடைமழைக் காலம் முழுக்க ஏழு வயிறும் நிறைய வேண்டுமே என்று மூன்று மாதமாகக் காடெல்லாம் அலைந்து தினை பொறுக்கிச் சேர்த்திருந்தாள். பாறைமேல் அடி வட்டமாகவும் உச்சி கூராகவும் குவிந்து நின்றது தினை.

அதைப் போட்டு வைக்கப் பக்கத்திலேயே ஒரு பாறைக்குழி இருந்தது. தட்டையான அடி, நேரான சுவர், மேலே நனையாமல் காக்கும் தொங்குபாறை. எலிகள் எதையும் வாலால்தான் அளக்கும். பூவாத்தாவும் அளந்தாள். குவியலின் அடியும் குழியின் வாயும் ஒரே அகலம். குழியின் ஆழம் ஒரு வால். குவியலின் நடுவில் குச்சி செருகி உயரம் பார்த்தால் மூன்று வால்! அவளுக்குப் பகீரென்றது.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மரத்தில் இருந்த மாயாண்டிக் குரங்கு மெல்ல இறங்கி வந்தான். அடுத்தவர் கவலை என்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுவது போல.

"உயரம் மூணு, ஆழம் ஒண்ணு. அப்போ மூணுல ஒரு பங்குதான் உள்ளே போகும். மிச்சம் மழையில முளைச்சு வீணாப் போயிடும். அந்த ரெண்டு பங்கையும் எங்களுக்குக் கொடுத்துடு. உன் பங்கை நாங்க எட்டுப் பேரும் குழியில அள்ளிப் போட்டுத் தரோம்."

ஒரு பங்குத் தினை கார்த்திகையைக்கூடத் தாண்டாது. அப்புறம் குட்டிகள் பட்டினிதான். தானே கவ்விக் கவ்விப் போடலாம் என்றால் பத்து நாள் ஆகும். மழையோ பொழுது சாய்வதற்குள் வந்துவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று கண்ணைத் துடைத்தபடி மணல்மேட்டுப் பக்கம் போனாள்.

அங்கே ஒரு குழியானை வேலையாக இருந்தது. மணலில் புனல் போலக் குழி பறித்து, அடியில் ஒளிந்துகொண்டு எறும்பு பிடிக்குமே, அந்தப் பூச்சிதான். பூவாத்தாவின் கதையைக் கேட்டு அது முகம் சுளித்தது.

"வாய்ப்பக்கம் பறிக்கும்போதுதான் எனக்கு முதுகு ஒடியுது. கீழே போகப் போக அள்ள மணலே இருக்காது. கூரா முடியற எதையும் உயரத்தை மட்டும் பார்த்து நம்பாதே."

பூவாத்தாவுக்குப் பொறி தட்டியது. தன் குவியலைத் தலைகீழாகக் கவிழ்த்தது போலத்தானே இந்தக் குழி! குழியானையின் குழி மூன்று நக ஆழம். பக்கத்தில் ஈரமண்ணில் அதே அகலத்துக்கு, நேரான சுவரோடு, ஒரே ஒரு நக ஆழத்தில் தட்டைக்குழி ஒன்று பறித்தாள். நாலு நடை நடந்து தினை கொண்டுவந்து கூர்க்குழியை நிரப்பினாள். அதை அப்படியே அள்ளித் தட்டைக்குழியில் போட்டாள். விளிம்புக்குச் சரியாக நின்றது தினை. மறுபடியும் செய்து பார்த்தாள். அப்போதும் ஒரு மணிகூட வழியவில்லை.

ஓட்டமாய் ஓடி வந்தாள்.

"முதல்ல குழியை நிரப்பிடுங்க. நிரம்பினப்புறம் வெளியே மிஞ்சறது எல்லாம் உங்களுக்கே."

மாயாண்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேச்சு மாறக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தை ஏவினான்.

எட்டுக் குரங்குகளும் அள்ளி அள்ளிப் போட்டன. குவியல் இரண்டு வால் உயரம் கரைந்துவிட்டது. குழியிலோ மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. மாயாண்டியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வேகமாகப் போடச் சொல்லிக் கத்தினான். கடைசிப் பிடி விழுந்தபோது குழி விளிம்புக்குச் சமமாக நிறைந்திருந்தது. பாறைமேல் ஒன்றுமே இல்லை!

அப்போதுதான் முதல் துளி விழுந்தது. உழைத்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று பூவாத்தா குரங்குகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி தினை கொடுத்தாள். ஏழு பேர் வாங்கிக்கொண்டார்கள். மாயாண்டி மட்டும் கை நீட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு மரத்தையே பார்த்தபடி நின்றான்.

கைவிட்டுப் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால், கலங்கி விட்டுக்கொடுக்கும் முன் ஒரு முறை நாமே அளந்து பார்த்துவிட வேண்டும்.