பாறை இடுக்கில் கிடந்த வானம்

பறவைகள் வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்பி என்ற மாடப்புறாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவள் குஞ்சு பூவழகி வாயைத் திறந்தால் போதும், "அது பருந்து இல்ல, காக்கா", "சரி சரி, தெரியும், தூங்கு" என்று முந்திக்கொண்டு பேச்சை முடித்துவிடுவாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவசரம்தான். பூவழகியும் எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிப் பழகிவிட்டாள்.

அந்த வருடம் மழையே இல்லை. குளமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. இலையில் இறங்கும் பனித்துளியைக் குடித்துத்தான் பறவைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு பனியும் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துப் பூவழகி காணாமல் போய், மறுநாள் காலையில் கால் நிறைய ஈரச் சேற்றோடு வந்து இறங்கினாள்.

எல்லாப் பறவைகளும் சூழ்ந்துகொண்டன. "தண்ணி எங்க இருக்கு? கிழக்கா, மேற்கா? சட்டுனு சொல்லு!" என்று காகம் அதட்டியது.

"தெரியல," என்றாள் பூவழகி.

பிள்ளையைச் சொல்லவிடாமல் வளர்த்தது யார் என்று செம்பி தன்னையே கேட்டுக்கொண்டாள். காகத்தை விலகச் சொல்லிவிட்டுக் குஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூட்டை விட்டுக் கிளம்பினியே கண்ணு, அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒரு குளவி கூடு கட்ட மண்ணு எடுக்கப் போச்சும்மா. நானும் பின்னாடியே போனேன்."

"உம்."

"ரெட்டைப் பாறை வரைக்கும் போனேன். அங்க, ரெண்டு பாறைக்கும் நடுவுல வானம் கிடந்துச்சு."

வானம் மேலேதானே இருக்கும் என்று திருத்தச் செம்பிக்கு நாக்கு துறுதுறுத்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள். விழுங்கிய வேகத்தில் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. "உம்... அப்புறம்?"

"எட்டிப் பாத்தேன். உள்ள இருந்து ஒரு குஞ்சு என்னையே பாத்துச்சு. கொத்தினேன். வானமே நடுங்கிடுச்சும்மா! வாயெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு."

"அடடா, அது தண்ணிதான்!" என்று காகம் கத்தியது. பூவழகி பிறந்ததிலிருந்து ஒரு குட்டையைக்கூடக் கண்டதில்லை. அவளுக்குத் தண்ணீர் என்றால் இலைமேல் ஒரு துளி, அவ்வளவுதான்.

அத்தனை பறவைகளும் ரெட்டைப் பாறைக்குப் பறந்தன. இடுக்கில் ஒரு சுனை. அதற்குள் வானம் முழுசாக, ஒரு துண்டு மேகத்தோடு கிடந்தது. வறண்ட தொண்டையோடு வந்தும் யாரும் உடனே குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்கள். செம்பிக்கு அழுகை வந்துவிட்டது. இதுவரை இப்படி எத்தனை வானங்களை அவசரத்தில் சொல்லவிடாமல் செய்தோமோ என்று நினைத்தாள்.

புறாவின் தலையாட்டலும் "உம், உம்" என்ற குரலும் அன்றைக்குத் தொற்றிக்கொண்டவைதான். அதைக் கேட்டுத்தான் மனிதர்களும் பிள்ளைகள் கதை சொன்னால் உம் கொட்டக் கற்றுக்கொண்டார்கள். புறா மட்டும், குஞ்சு பக்கத்தில் இல்லாதபோதும், ஒரு சொல்லையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்று இன்றுவரை உம் கொட்டிக்கொண்டே நடக்கிறது.