இட்டேறியில் சிவப்பு அம்புகள்

வழியைத் தப்பாகச் சொல்லிவிடுவோம் என்ற பயம், வழி தெரிவதற்கு முன்பே பழனாத்தாளுக்கு வந்துவிட்டது.

அவள் ஊர் அமராவதி ஆற்றை ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் தடித்த டயர் போட்ட சைக்கிள்களோடு அங்கே வருவார்கள். அவர்களுக்குத் தார் ரோடு ஆகாது. வாய்க்கால் கரை, சரளைப் பாதை, இரண்டு பக்கமும் கிளுவை வேலி வளர்ந்த இட்டேறி என்று கல்லிலும் மண்ணிலுமாக இருபது மைல் ஓட்டி, கடைசியில் ஆற்றில் போய்க் காலை நனைக்கவேண்டும். அதுதான் அவர்களுக்குச் சந்தோஷம்.

கூட்டிப்போகிறவள் சுகந்தி. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. பழனாத்தாளுக்கு நாற்பத்தெட்டு. இருந்தாலும் வழி விஷயத்தில் சுகந்திதான் குரு.

பழனாத்தாள் முதலில், வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடத்தான் வந்தாள். ஒரு நாள் சுகந்தி, "நீங்களும் ஓட்டிப் பாருங்கக்கா" என்று ஒரு சைக்கிளைக் கொடுத்தாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபிறகு, பழனாத்தாளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. பிடித்த ஹேண்டிலை அவள் விடவில்லை.

ஆனால் குருவைப் பார்த்தே அவளுக்குக் குழப்பம்.

வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில், மேய்ச்சலுக்கு விட்ட மானாவாரிக் காடுகள். ஒவ்வொரு காட்டுக்கும் முள் கட்டிய படல் ஒன்று கதவுபோல இருக்கும். மொத்தம் ஒன்பது படல். ஒவ்வொன்றிலும் சுகந்தி சைக்கிளை விட்டு இறங்குவாள். காட்டுக்காரர் யார் கண்ணில் பட்டாலும், "ஏனுங், ஆத்துக்கு எப்படிப் போறதுங்க?" என்று கேட்பாள். பத்து வருஷமாகப் போகிற வழி. போன ஞாயிற்றுக்கிழமையும் போன வழி. அவர்களும் அலுக்காமல் சொல்வார்கள். மாட்டுக்கு வயிறு சரியில்லை என்பதிலிருந்து மருமகள் கோபித்துக்கொண்டு போனது வரை சேர்த்துச் சொல்வார்கள். சுகந்தி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள்.

ஒரு நாள் பழனாத்தாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"அம்மணி, உனக்கு வழி தெரியுமா, தெரியாதா?"

"போன வாரம் தெரிஞ்சுதுக்கா."

"இந்த வாரம்?"

சுகந்தி படலைத் திறந்து, எல்லோரையும் உள்ளே விட்டு, திரும்பச் சாத்திக் கயிற்றைக் கட்டினாள்.

பழனாத்தாளுக்கு இது விளங்கவே இல்லை. தெரிந்தவள் ஏன் கேட்கிறாள்? தெரியாதவள் எப்படிக் குரு ஆனாள்?

அந்த வாரமே சுகந்தி அடுத்த குண்டைப் போட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு பேரு. நீங்க முன்னாடி போங்க. நான் கடைசியில வர்றேன். வாயத் தொறக்க மாட்டேன்."

"தப்பாப் போயிட்டா?"

"தப்பாப் போவோம்."

"வேண்டாம் அம்மணி. நான் அடுப்புக்கே போயிடறேன்."

"அடுப்பு எங்கயும் போயிராது. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

பழனாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. வழி தப்பினால் இந்தச் சைக்கிள் போய்விடும். மறுபடியும் புகையும் பாத்திரமும்தான். வலது எது, இடது எது என்று குளிக்கும்போதும் முணுமுணுத்தாள். வாய்க்கால் மதகு தாண்டி இடது, வேப்பமரம் தாண்டி வலது. அல்லது மதகு தாண்டித்தான் வலதா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக் கேட்டுக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், திருப்பம் வருகிற இடத்தில் எல்லாம் கல்லைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டாள். பார்த்துப் பார்த்துப் போட்டாள். சில இடத்தில் சந்தேகத்துக்கு இரண்டு அம்பு. அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மூன்று படல் தாண்டும் வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அம்பு சொன்ன பக்கம் திரும்பினாள். யாரிடமும் கேட்கவில்லை. பின்னால் வந்த பெங்களூர்ப் பெண் ஒருத்தி, "அக்கா, சூப்பர்!" என்றாள். பழனாத்தாளுக்கு முதுகு நிமிர்ந்தது.

நான்காவது படல் நாட்ராயனுடையது. அங்கே படலைக் காணோம். இட்டேறியின் வாயையே வேலாமுள் வெட்டிப் போட்டு ஆள் உயரத்துக்கு அடைத்திருந்தார்கள். அம்பு போட்ட கல்லைப் பிடுங்கி முள்ளின் மேலேயே போட்டிருந்தார்கள். நாட்ராயன் தோளில் கம்போடு நின்றார். பின்னால் அவர் மனைவியும் நின்றாள்.

இந்த இட்டேறி அடைபட்டுப் போனால் ஆற்றுக்கு வேறு மண் பாதை கிடையாது. லாரி ஓடுகிற ரோடுதான். அப்புறம் இங்கே ஒருவரும் சைக்கிள் ஓட்ட வரமாட்டார்கள் என்பது பழனாத்தாளுக்குத் தெரியும்.

"வாங்க, வாங்க," என்றார் நாட்ராயன். "எத்தன சென்ட்டு எடுக்கறீங்க? எங்களுக்கு நிக்க எடம் உடுவீங்களா?"

பழனாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறதப் பாரு! மூணு வருசத்துக்கு முன்னால அக்கரையில இப்படித்தான் செவப்புப் பெயிண்டு அடிச்சாங்க. ஆறே மாசம். காட்டுக்கு நடுவுல கரண்டுக் கோபுரம் வந்து நின்னுது. எங்க மச்சான் இன்னும் கோர்ட்டுக்கு நடக்கறான்."

சைக்கிள்காரர்களில் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "அக்கா, மேப் நேராப் போகச் சொல்லுது" என்றார்.

"அந்த மேப்பையே வந்து முள்ள எடுக்கச் சொல்லுங்க!" என்றாள் நாட்ராயன் மனைவி.

பழனாத்தாள் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் சுகந்தி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

பழனாத்தாள் சைக்கிளைப் படுக்கவைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அது நானுங்க. பெயிண்டு அடிச்சது நானு."

"நீயா? எந்த ஆபீசு?"

"ஆபீசெல்லாம் இல்லீங்க. ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன். இன்னிக்கு நான்தான் கூட்டிட்டுப் போகோணும்னு சொல்லிட்டாங்க. வழி மறந்துருமோன்னு பயந்துட்டு அடிச்சுட்டனுங்க."

"ரெண்டு நாளா எங்கூட்டுல ஒருத்தரும் தூங்கல. தெரியுமா?"

"நானும் ஒரு வாரமாத் தூங்கலீங்க."

நாட்ராயன் அவளையே பார்த்தார். முள்ளுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"செரி," என்றார் நாட்ராயன். "இப்ப எந்தப் பக்கம் போகோணும் நீ?"

இடது என்று பழனாத்தாளுக்குத் தெரியும். பிடுங்கிப் போட்ட கல்லும் இன்னும் இடது பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"தெரியலீங்க. நீங்களே சொல்லுங்க."

"எடது பக்கம் போயிறாத. நேத்துத்தான் அந்த மூலையில ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்குது. நீங்க இத்தன பேரும் கடகடன்னு எறங்குனா தாயி மெரண்டு குட்டிய உட்டுட்டு ஓடிரும். கெணத்தச் சுத்தி, பனைமர வரிசையோட போ. அங்க ஒரு சந்து இருக்குது. ஆத்துக்கே எறங்கிரும்."

சொல்லிக்கொண்டே கம்பால் முள்ளைத் தள்ளினார். இரண்டு பேர் ஓடிவந்து இழுத்தார்கள். ஒருவர் கையைக் கிழித்துக்கொண்டார். நாட்ராயன் மனைவி, "முள்ளு இழுக்கத் தெரியாதா சாமி?" என்று கேட்டபடி மஞ்சள் எடுக்க ஓடினாள்.

கிணற்றைச் சுற்றிப் போனார்கள். பனைமர வரிசையோடு போனார்கள். சந்து இருந்தது.

ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. பதினோரு பேரும் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பழனாத்தாள் கரையில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணினாள். பதினொன்று. மறுபடியும் எண்ணினாள்.

சுகந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெயிண்ட நான் அழிச்சிடறேன் அம்மணி."

"ம்."

"கூட்டிட்டு வந்தது நானா, அவரா? எனக்குப் புரியல."

சுகந்தி ஒரு கல்லைத் தண்ணீரில் எறிந்தாள்.

"அடுத்த வாரம் நீ பின்னால வராட்டி என்ன பண்றது? உன்னப் பாத்துத்தான அவரு வழி விட்டாரு?" என்றாள் பழனாத்தாள்.

"என்னைய எங்க பாத்தாரு?"

பழனாத்தாளுக்குக் கேட்க நிறைய இருந்தது. எதை முதலில் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அம்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒன்பது படலிலும் இறங்கி, ஒன்பது பேரிடமும் ஆற்றுக்கு வழி கேட்டுக்கொண்டு, ஆறு வரைக்கும் போய்விட்டு வந்தாள்.