பழைய வேகம்

மோத்தா மாஸ்டரின் தேவாலயப் பாடகர் குழுவில் இத்தாலியச் சொற்களுக்கு நர்ஸ் ஜெசிந்தா கொடுத்த மரியாதையை வேறு யாரும் கொடுத்ததில்லை. இசைத்தாளில் ‘அக்செலராண்டோ’ என்று கண்டால் அவள் கை வேகம் எடுக்கும். ‘ராலென்டாண்டோ’ என்றால் பாட்டு மெல்ல மெல்லத் தணியும். அதற்குப்பின் வரும் ‘அ டெம்போ’, அதாவது பழைய வேகத்துக்குத் திரும்பு என்ற இடத்தில்தான் மாட்டிக்கொள்வாள்.

ஞாயிறு பூசைக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார். முதல்முறையாகக் குழுவை அவள்தான் நடத்தப் போகிறாள். முந்தின நாள் ஒத்திகையிலும் அந்த இடத்தில் பெண்கள் முன்னால் ஓடினார்கள், ஆண்கள் பின்னால் இழுத்தார்கள். ஜெசிந்தா கையை வீசினாள். காலால் தரையைத் தட்டினாள்.

“கொசு விரட்டுதீங்களா, நர்ஸம்மா?” என்றார் கட்டைக்குரல் கஸ்பார். “பேசாம மாஸ்டரையே நிக்கச் சொல்லுங்க.”

எல்லோரும் போனபின் அவள் மாஸ்டரிடம் கேட்டாள். “வேகத்தைக் கூட்டத் தெரியுது, குறைக்கத் தெரியுது. பழைய வேகத்துக்கு எப்படிக் கொண்டுவர்றது?”

மாஸ்டர் பாடகர் மாடத்துப் படிகளில் விறுவிறுவென்று இறங்கினார், அதே வேகத்தில் ஏறி வந்தார். மூச்சு வாங்க மணிக்கட்டை நீட்டினார்.

“நாடி பாரு.”

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா? குதிரை மாதிரி ஓடுது.”

“ஆயர் வாராருல்லா. எனக்கு ஒண்ணு ஆனாலும் அடக்கப் பூசைக்கு ஆள் தேட வேண்டாம். கைய எடுக்காத.”

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கீழே யாரோ கோயிலைப் பெருக்கும் சத்தம் கேட்டது.

“இப்ப?”

“பழையபடி வந்துட்டு.”

“நீ என்ன செஞ்ச?”

“ஒண்ணும் செய்யல. பிடிச்சுட்டு இருந்தேன்.”

மாஸ்டர் எழுந்து விளக்கை அணைக்கப் போனார்.

மறுநாள் அவர் கீழே, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாட்டு தணிந்து அந்த இடத்துக்கு வந்தது. கஸ்பார் அவள் கையையே பார்த்தார். ஜெசிந்தா வீசவில்லை. நாடி பிடிப்பவளைப் போல விரல்களைக் குவித்து, சின்னதாக அசைத்தபடி காத்திருந்தாள். முதலில் கஸ்பாரின் குரல் பழைய வேகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு ஆண்கள், பெண்கள் எல்லோரும். ஆயர் தலையைத் திருப்பி மாடத்தைப் பார்த்தார்.

பூசை முடிந்ததும் அவள் இறங்கி ஓடிவந்தாள். “எப்படி இருந்துச்சு, மாஸ்டர்?”

அவர் மணிக்கட்டை நீட்டினார். அவள் விரலை வைத்தாள்.

“திரும்பவும் படி ஏறுனீங்களா? இந்த ஓட்டம் ஓடுதே.”

“இருந்த இடத்த விட்டு அசையல.”

“சரி, கொஞ்சம் உக்காருங்க. பழையபடி வந்துரும்.”

“வேண்டாம் பிள்ள,” என்றார் மாஸ்டர். “இன்னைக்கு ஓடட்டும்.”