யானை தொட்ட தோள்

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில் வேழனூர் என்று ஒரு ஊர் இருந்தது. அதை மருதவேந்தன் என்ற ராஜா ஆண்டு வந்தான். கேட்க உட்கார்ந்திருக்கிற சிறுசுகளே, பெருசுகளே, கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். நடுவில் விட்டால் எனக்குக் கோபம் வரும்.

ராஜா கெட்டவன் இல்லை. சோம்பேறி, அவ்வளவுதான். ஊரில் திருட்டு நடந்தால் யாரும் பொருளைத் தேட மாட்டார்கள், சாட்சி கேட்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு யானை இருந்தது.

அந்த யானையின் பேர் தருமன். திருட்டு நடந்த மறுநாள் ஊர்சனம் முழுக்க மைதானத்தில் வரிசையாக நிற்கும். ராஜாவும் ஒரு ஓரமாக நிற்பான். அவன் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான் வழக்கம். தருமன் அசைந்து அசைந்து வரிசையோடு நடந்து வரும். யார் தோளில் தும்பிக்கையை வைக்கிறதோ அவர்தான் திருடர். வைத்த கையோடு விசாரணை முடிந்தது. வாயில்லா ஜீவன் பொய் சொல்லுமா என்பார்கள்.

தோள் தொடப்பட்டவரைக் கடற்கரை உப்பளத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர் யாரும் ஊர் திரும்பியதில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. தருமனுக்கு வெளியாள் யாரும் தீனி கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது நீதிபதிக்குக் கொடுத்த லஞ்சமாம்! சிரிக்காதீர்கள், உங்கள் ஊரிலும் இப்படி நாலு சட்டம் இருக்கும்.

முதலில் ஒரு வெண்கலக் குடம் காணாமல் போனது. யானை தோட்டக்காரக் கொற்றனைத் தொட்டது. அடுத்த வருஷம் ஒரு பட்டுச்சேலை காணாமல் போனது. யானை பூக்கட்டும் பொன்னியைத் தொட்டது. மூன்றாவதாக அம்மன் கோயில் பொன்விளக்கே காணாமல் போனது. யானை பாய் முடையும் சாத்தனைத் தொட்டது.

சாத்தனுக்கு ஒரு அக்கா இருந்தாள். பேர் வெண்ணி. தெருத்தெருவாக மோர் விற்பாள். சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டுப் பெற்றவள் உயிரை வாங்கியவள். ஊரில் அவளுக்கு ஏன்காரி என்றே பட்டப்பேர்.

அந்த ஏன்காரியும் கொற்றனைக் கொண்டுபோன அன்றைக்கு ஏன் என்று கேட்கவில்லை. பொன்னியைக் கொண்டுபோன அன்றைக்கு, "பாவி, பூக்கட்டுற கையால திருடியிருக்கா பாரு" என்று அவளும்தான் சொன்னாள். தன் வீட்டுக் கதவைத் தட்டுகிற வரைக்கும் நம்மில் பல பேருக்கு வாய் ஒரு பக்கம்தான் பேசும்.

தம்பியை அடைத்து வைத்திருந்த கொட்டடிக்கு ஓடினாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "டேய், நெசத்தைச் சொல்லு. எடுத்தியா?" என்று கேட்டாள்.

சாத்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் திருடலைக்கா. நீயுமா கேக்குற?"

வெண்ணி அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். இவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். இவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும், அது அவளுக்குத் தெரியும். இப்போது சிவக்கவில்லை. அப்படியானால் யானை ஏன் இவனைத் தொட்டது? ஏன் ஆயிரம் பேரை விட்டுவிட்டு இவனிடம் வந்தது? அந்த ஏன் உள்ளே புகுந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமி கழிந்ததும் உப்பு வண்டிகள் கிளம்பும். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகக் கொற்றன் வீட்டுக்குப் போனாள். கொற்றன் பெண்டாட்டி கதவைச் சாத்திக்கொண்டு அவளை உள்ளே உட்கார வைத்தாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். "அவருக்கு அந்த யானைன்னா உசிரு. அது குளிக்கப் போறப்போ வேலியோரமா நின்னு வாழைத்தண்டு கொடுப்பாரு. வெளிய சொல்லிடாதே தாயி, லஞ்சம்னு என்னையும் புடிச்சிருவாங்க."

அடுத்து பொன்னி வீட்டுக்குப் போனாள். பொன்னியின் மகள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குசுகுசுவென்று சொன்னாள். "அம்மா மடியில எப்பவும் வெல்லக்கட்டி வெச்சிருப்பா. தும்பிக்கையை நீட்டிக் கேக்குமாம், மனசு கேக்காதாம்."

வெண்ணி பானையை அங்கேயே போட்டுவிட்டுக் கொட்டடிக்கு ஓடினாள். "டேய் சாத்தா, அந்த யானைக்கு எதாச்சும் தின்னக் கொடுத்தியா?"

சாத்தன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆத்தங்கரையில பாய்ப்புல் அறுக்கறப்போ... நீ கட்டிக் கொடுத்த சோத்துல பாதி. பாவமா இருந்துச்சுக்கா."

அட கடவுளே! யானை திருடரைத் தொடவில்லை. தனக்குப் பிடித்தவரைத் தொட்டிருக்கிறது. அன்பாகத் தோளில் தும்பிக்கையைப் போட்டு, "நல்லா இருக்கியா?" என்று கேட்டிருக்கிறது. அதற்குப் பேர் தீர்ப்பு! வெண்ணி அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கொற்றனுக்காகவும் அழுதாள், தான் வாய்க்கு வந்தபடி ஏசிய பொன்னிக்காகவும் அழுதாள்.

இதைச் சபையில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? லஞ்சம் கொடுத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். சொன்னால் நம்ப மாட்டார்கள், பட்டால்தான் நம்புவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

வேழனூரில் இன்னொரு வழக்கமும் உண்டு, உப்பளத்துக்குப் போகிறவரின் உறவினர் ராஜாவிடம் ஒரு வரம் கேட்கலாம். விடுதலையைத் தவிர வேறு எதையும் கேட்கலாம். வெண்ணி போய் நின்றாள்.

"மகாராஜா, பௌர்ணமி வரைக்கும் தினமும் உங்க கையால தருமனுக்கு ஒரு கரும்பு கொடுக்கணும். அந்தப் புண்ணியம் என் தம்பிக்குப் போய்ச் சேரட்டும்."

மந்திரி தாடியைத் தடவினார். "சட்டப்படி யானைக்குத் தீனி..."

"சட்டம் போட்டவனே நான்தானே?" என்றான் ராஜா. பொன்னோ நிலமோ கேட்பாள் என்று பயந்திருந்தவனுக்கு இது லாபமாகப் பட்டது.

முதல் நாள் சலித்துக்கொண்டே கொடுத்தான். அடுத்த நாள் கொஞ்சம் சிரித்தான். அதற்கப்புறம் ஒரு கரும்பு போதாமல் ஒரு கட்டே கொண்டுபோனான். தருமனும் அவன் காலடிச் சத்தம் கேட்டாலே காதை விசிறிக்கொண்டு எழுந்து நின்றது.

பௌர்ணமி வந்தது. உப்பு வண்டிகளில் மாடுகளைப் பூட்டிவிட்டார்கள். சாத்தனை ஏற்றப் போகிற நேரம், "ஐயோ! என் கொலுசு! என் வெள்ளிக் கொலுசை எவனோ திருடிட்டான்!" என்று வெண்ணி மைதானமே அதிரக் கத்தினாள்.

புகார் என்று ஒன்று வந்துவிட்டால் வரிசை நின்றுதானே ஆக வேண்டும்? நின்றார்கள். வணிகர்கள் நின்றார்கள், வீரர்கள் நின்றார்கள், ஓரத்தில் ராஜாவும் நின்றான். தருமன் வந்தது. வணிகர்களைத் தாண்டியது. வீரர்களைத் தாண்டியது. மந்திரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ராஜாவிடம் போய், அவன் தோளில் தும்பிக்கையை வைத்து, ஆசையாக ஒரு முறை தடவியது.

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"நான் திருடலை!"

"என் தம்பியும் இதையேதான் சொன்னான், மகாராஜா," என்றாள் வெண்ணி. "கொற்றனும் பொன்னியும்கூட இதையேதான் சொல்லியிருப்பாங்க. நாங்கதான் காதுல வாங்கலை."

மந்திரி பாய்ந்து வந்தார். "யானை இன்னிக்கு ஏதோ விளையாடுது, மகாராஜா..."

"என்னைத் தொட்டா விளையாட்டு, அவனைத் தொட்டா தீர்ப்பா?" என்றான் ராஜா.

வெண்ணி மடியிலிருந்து கொலுசை எடுத்துக் காட்டினாள். "எதுவும் திருடு போகலை. பொய் சொன்னதுக்கு எனக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா திருட்டே நடக்காத இடத்துலயும் இந்த யானை ஒரு திருடனைக் காட்டுது, பாத்துக்குங்க." பிறகு வாழைத்தண்டையும், வெல்லத்தையும், சோற்றையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள்.

ராஜா தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தானே போய்ச் சாத்தனின் கட்டை அவிழ்த்தான். அந்த வண்டியிலேயே ஏறி உப்பளத்துக்குப் போனான்.

அங்கே பொன்னி இருந்தாள். உப்பு அரித்து விரல்களெல்லாம் வெடித்திருந்தன. இனி அந்தக் கையால் பூக்கட்ட முடியாது. கொற்றன் இல்லை. போன கோடையிலேயே செத்துப்போயிருந்தான்.

பொன்னியை ஊருக்குக் கூட்டி வந்ததும் ராஜா கொற்றன் வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றான். கொற்றன் பெண்டாட்டி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பொண்ணு கேட்ட மாதிரி நீங்களும் அன்னைக்கே ஏன்னு கேட்டிருந்தா, என் மனுசன் உசிரோட இருந்திருப்பாரே," என்றாள். ராஜா வாய்விட்டு அழுதான். அழுது என்ன செய்ய?

பொன்விளக்கு என்ன ஆச்சு என்றுதானே கேட்கிறீர்கள்? ஊரில் முதல் தடவையாகத் தேடிப் பார்த்தார்கள். கோயில் பண்டகசாலைக்காரன் வீட்டு நெல்குதிருக்குள் விளக்கு, குடம், சேலை மூன்றும் பத்திரமாக இருந்தன. அந்த ஆளுக்கு யானை என்றாலே பயம். வாழ்நாளில் ஒரு வாழைப்பழம்கூட அதற்குக் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் என்றைக்கோ சரியாக மாட்டியிருப்பான்!

அதற்குப் பிறகு வேழனூரில் வழக்கு விசாரிக்கிற இடத்தில் வெண்ணிக்கு ஒரு மணை போட்டார்கள். ஏன் என்று கேட்பதுதான் அவள் வேலை. தருமன் ஆற்றங்கரையில் யார் கொடுத்தாலும் வாங்கித் தின்றது, யார் தோளில் வேண்டுமானாலும் தும்பிக்கையைப் போட்டது. ராஜா மட்டும் தினமும் ஒரு வாழைத்தண்டோடு போவான். அது கொற்றன் பேரால்.

ஆகவே, கேட்டுக்கொண்டிருந்தவர்களே, ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன்னால் ஏன் என்று கேட்க வேண்டும், சொல்லிவிட்ட பிறகும் கேட்பதை நிறுத்தக் கூடாது.