ரேகை விழாத ராஜா

ஆப்பிரிக்காவில், ஒரு பெரிய ஏரியின் கரையில், கலிம்பே என்றொரு குட்டி ராஜ்யம். ராஜா முவாலே நல்ல மனுஷர்தான், ஆனால் கொஞ்சம் சோம்பேறி. சட்டம் போடும் வேலையை நாற்பது அவை உறுப்பினர்களிடம் விட்டுவிட்டார். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அதை அப்படியே அமைச்சர் கசாங்காவிடம் தள்ளிவிட்டார்கள். அவர் எதை நீட்டினாலும் கை தூக்குவார்கள், பிறகு சாப்பிடப் போவார்கள்.

இந்த நாற்பது பேருக்கும் கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் பழக்கி, அவற்றுக்கு எப்படிச் சட்டம் போடுவது என்று சொல்லித்தரும் பொறுப்பு சிகொண்டி என்ற அரசவைப் பெண்ணிடம் இருந்தது. அந்த அவையில் அவளைவிடக் கூர்மையான மூளை கிடையாது, அவளைவிடப் பாவப்பட்ட உத்தியோகமும் கிடையாது. முதல் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டாம் வகுப்புக்குத் தங்கள் டிரைவர்களை அனுப்பினார்கள். டிரைவர்கள் நன்றாகவே படித்தார்கள், பொய் சொல்லக் கூடாது.

இந்த நேரத்தில்தான் கசாங்கா ரேகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார், அவையின் வாக்கெடுப்பு மட்டும்தான் பாக்கி. விதையோ மருந்தோ, அரசாங்கத்திடம் எது வாங்கினாலும் கட்டைவிரலை ஓர் இயந்திரத்தில் வைக்க வேண்டும். நாட்டில் எல்லோரும் முன்பே பதிந்து வைத்த ரேகையோடு அது பொருந்தவில்லையா, அந்த ஆள் கலிம்பே நாட்டவரே இல்லை. இயந்திரம் தவறு செய்யாது என்று அதற்கும் தனியாக ஒரு பிரிவு.

கரையோர ஆஸ்பத்திரியில் இயந்திரத்தை முன்னோட்டமாக வைத்திருந்தார்கள். சிகொண்டி பார்க்கப் போனாள். அங்கே தமாண்டா என்ற மீனவப் பெண் மலேரியாவில் நடுங்கிக்கொண்டு நின்றாள். மூன்று தடவை விரல் வைத்தாள், மூன்று தடவையும் சிவப்பு விளக்கு. மாத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"பதிவு பண்ண வந்தப்ப வலைக்கு ஓய்வு மாசம், விரல் நல்லாயிருந்துச்சு," என்றாள் தமாண்டா. "இப்ப தினமும் கயிறு இழுக்கறேன். ரேகை எங்கேம்மா இருக்கும்?"

சிகொண்டி கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஆனால் கரை முழுவதற்கும் அவள் வாங்கிக் கொடுக்க முடியுமா? நேரே ராஜாவிடம் போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராஜா கொட்டாவி விட்டார்.

"கேள்வி கேட்க வேண்டியது அவை. அதையும் நானே செய்தால் நாற்பது பேருக்குச் சோறு எதற்கு? வாக்கெடுப்பு அன்று நாற்பது பேரும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்கட்டும், சட்டத்தைத் திருத்துகிறேன். கேட்காவிட்டால் சட்டமும் நிற்கும், உன் வகுப்பையும் மூடிவிடலாம்."

பக்கத்தில் நின்ற கசாங்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த நாற்பது பேர் பத்து வருடத்தில் கேட்ட ஒரே கேள்வி, சாப்பாடு தயாரா என்பதுதான்.

சிகொண்டி வகுப்பு நடத்தவில்லை. கசாங்கா வீட்டுக்குப் போய் அவருடைய சட்டத்தை வாயாரப் புகழ்ந்தாள். விருந்து வைப்பவர் முதல் வாய் தானே சாப்பிட்டுக் காட்டுவதுதானே நம் வழக்கம், அதனால் இயந்திரத்தில் ராஜாவின் விரலே முதலில் பட வேண்டும் என்றாள். பெருவலை விழாவுக்கு மறுநாள் வாக்கெடுப்பை வைத்தால் கரை ஜனமெல்லாம் தலைநகரிலேயே இருக்கும், உங்கள் பெருமையைப் பார்க்கும் என்றாள். போகிற போக்கில், "யாருக்கும் விலக்கு இல்லை என்று ஒரு வரி சேருங்கள் ஐயா, இல்லையென்றால் ஆளாளுக்கு நழுவப் பார்ப்பார்கள்," என்றாள். கசாங்கா அன்றைக்கே சேர்த்துவிட்டார்.

பெருவலை விழா என்றால் வருடத்தில் ஒரு நாள் ராஜாவும் குடிகளோடு நின்று ஏரியிலிருந்து வலை இழுப்பது. காலையில் பிடித்த கயிற்றை ராஜா மத்தியானம்தான் விட்டார். உள்ளங்கை கொப்பளித்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. உறுப்பினர்களிலும் பாதிப்பேர் ராஜா பார்க்கிறாரே என்று இழுத்துத் தொலைத்திருந்தார்கள்.

மறுநாள் அவை நிரம்பி வழிந்தது. ராஜா விரலை வைத்தார். சிவப்பு. துணியால் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. கசாங்கா இயந்திரத்தைத் தட்டிக் கொடுத்தார். மறுபடியும் சிவப்பு.

"ரேகை பொருந்தாதவர் கலிம்பே நாட்டவர் இல்லை," என்று சிகொண்டி சட்டத்தை நிதானமாகப் படித்தாள். "அந்நியர் அவைக்குள் இருக்கக் கூடாது என்று பழைய சட்டமே இருக்கிறது."

"அரசருக்கு அது எப்படிப் பொருந்தும்?" என்றார் கசாங்கா.

"யாருக்கும் விலக்கு இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்."

"இயந்திரம் ஏதோ தப்பு செய்கிறது."

"தப்பே செய்யாது என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஐயா."

ராஜா சிகொண்டியை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து, வாசலுக்கு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டார். காவலர்களுக்கு அவரை வணங்குவதா விரட்டுவதா என்று தெரியவில்லை.

உள்ளே நாற்பது பேரும் தங்கள் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மூத்த உறுப்பினர் மெல்ல எழுந்தார். "ரேகை விழாவிட்டால் எங்கே போய் முறையிடுவது?" என்றார். பக்கத்திலிருந்தவரும் அதையே கேட்டார். சற்று நேரத்தில் நாற்பது பேரும் கசாங்காவைச் சூழ்ந்துகொண்டு அதையே கேட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை.

"அதுதான் கேள்வி," என்று வெளியிலிருந்து ராஜாவின் குரல் வந்தது.

அங்கேயே சட்டம் திருந்தியது. ரேகை விழாவிட்டால் கூட வேலை செய்கிறவர் ஒருவர் அடையாளம் சொன்னால் போதும். இனி எந்த இயந்திரம் வந்தாலும் முதலில் கரையோரத்து விரல்களில் சோதிக்க வேண்டும். நாற்பது கைகள் உயர்ந்தன. இந்த முறை எதற்கென்று தெரிந்து உயர்ந்தன.

ராஜா உள்ளே வரக் காலெடுத்து வைத்தார். சிகொண்டி பணிவாகக் குறுக்கே நின்றாள்.

"மன்னிக்க வேண்டும். உங்களுக்கு யார் அடையாளம் சொல்வது?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தமாண்டா வந்தாள். ராஜாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள விடுங்க. நேத்து என் பக்கத்துல நின்னு வலை இழுத்தவருதான். இழுக்கத் தெரியாது, ஆனா நம்ம ஊர் ஆளுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று மாலையே கரையோர ஆஸ்பத்திரிக்கு ஒரு படகு நிறைய மாத்திரை போனது. சிகொண்டியின் அடுத்த வகுப்புக்கு நாற்பது பேரும் வந்தார்கள். டிரைவர்களும் வந்தார்கள், பாடம் நடத்த.